தாய்மாமன் கை படாத தாலி

தம்பி,

போனில் பேசாமல் அப்பா ஏன் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் ஒரு பைபிள் வசனம் சொல்வேன், நீ ஒரு வசனம் சொல்வாய், நான் குரலை உயர்த்துவேன், உங்கம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து போனைப் பிடுங்குவாள். நம் வீட்டில் வேதம் பேசுவது இப்படித்தான் முடிந்து பழக்கம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நானும் எழுதினதைத் திருப்பிப் படித்தால், எந்த இடத்தில் என் தலைக்கனம் எட்டிப் பார்க்கிறது என்று தெரிந்து அடித்துவிடலாம். இதற்குள் நிறையத் தாள் கிழித்தாயிற்று. இதைக் கூரியரில் போடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் கிடைக்கவேண்டும். ஞாயிறன்று என்ன என்று உனக்கே தெரியும்.

திங்கட்கிழமை காலை, உனக்குப் பேசி முடித்திருக்கிற ரெபேக்காவின் அப்பா விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார். நிலக்கடலை மூட்டை இறங்கிக்கொண்டிருந்த நேரம். தூசியில் ஒதுங்கி நின்றார். ஸ்டூல் போட்டு, டீ சொல்லி, கையில் ஒரு பிடி மல்லாட்டை கொடுத்தேன். உடைத்தார், தின்னவில்லை. பருப்பை ஒவ்வொன்றாகத் தொடை மேல் வேட்டியில் வைத்துக்கொண்டே பேசினார்.

"சம்பந்தி, மாப்ள என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. தாலி வேதத்துல எந்த அதிகாரத்துல இருக்குது, காட்டுங்கன்னாரு. எனக்குத் தெரியலைங்க. நான் ரயில்வேல பாயிண்ட்ஸ்மேனா இருந்தவன். எந்த வண்டி எந்த லைன்ல போவணும்னு கேட்டா சொல்லுவேன்."

அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "பொண்ணு சரியா சாப்பிடறதில்லைங்க. வர்ற ஞாயித்துக்கெழமை கோயில்ல மொத ஓலை வாசிக்கணும். இன்னார் மவனுக்கும் இன்னார் மவளுக்கும் கல்யாணம்னு சபை முன்னாடி படிச்சிட்டு அப்பறம் நிறுத்துனா அசிங்கம். படிக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திப்புடலாமான்னு கேக்க வந்தேன். கோவத்துல கேக்கலைங்க" என்றார்.

கோபத்தில் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபக்காரனிடம் பேசி ஜெயிக்க எனக்குத் தெரியும். அந்த மனுஷன் வேட்டியில் இருந்த பருப்பை எல்லாம் கூட்டி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்று எழுந்து போனார். கையில் அந்தப் பருப்போடு நின்றேன். 'எந்த அதிகாரத்தில் இருக்கிறது, காட்டுங்கள்.' அது உன் பேச்சு இல்லை தம்பி. என் பேச்சு. போன வருஷம் கெடாரில், உன் அத்தை மகள் எஸ்தர் கல்யாணத்தில் நான் பேசினது. வார்த்தைகூட மாறாமல் உன் வாயிலிருந்து இன்னொரு வீட்டுக்குள் போயிருக்கிறது.

அன்றைக்கு நீயும் பக்கத்தில் நின்றாய். ஆனால் நீ பார்த்ததும் நான் செய்ததும் ஒன்று இல்லை என்று இப்போது தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன். கெடார் அத்தைக்கு நான் ஒரே அண்ணன். எஸ்தருக்கு ஒரே தாய்மாமன். அவர்கள் கும்பிடுவது பழைய மிஷன் கோயிலில். நாம் அதை விட்டு, தாலி கூடாது என்கிற சபைக்கு வந்தோம் என்றாலும் அத்தை ஒரு நாள்கூட அதைக் குத்திக் காட்டினதில்லை. கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் மண்டபத்தில் தாலித்தட்டு பெரியவர்கள் கையில் சுற்றி வரும். முதலில் தாய்மாமன் தொட்டு ஆசீர்வதித்துக் கொடுக்கவேண்டும், பிறகுதான் மற்றவர்கள். சிலுவை பொறித்த சின்னத் தாலி. மஞ்சள் துணி விரித்த தட்டில், அத்தை அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்தாள். புதுப்புடவையில் அவள் முகத்தில் அப்படி ஒரு களை. நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"இது அஞ்ஞான வழக்கம். நான் தொட மாட்டேன்" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். தொடாமல் தலை குனிந்து ஒரு ஜெபம் பண்ணிவிட்டு நகர்ந்திருக்கலாம், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். மாப்பிள்ளையின் பெரியப்பா, அந்த வாத்தியார், "ஏங்க, இதுல இன்னாங்க இருக்குது?" என்று வந்தார். நான் எந்த அதிகாரம் என்று கேட்டேன். அவர், "அப்ப நீங்க கட்டியிருக்கற வேட்டி எந்த அதிகாரத்துல இருக்குது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. அதற்குமேல் நான் பேசினது ஒன்றும் கர்த்தருக்காக இல்லை, அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுப்பதற்காக. நீ போனில் வசனம் தேடித் தேடி எடுத்துக் காட்டினாய், நான் படித்தேன். அப்பாவும் மகனும் சேர்ந்து ஒருவரை மடக்குகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா?

அத்தை தட்டை ஏந்தினபடியே நின்றாள். கை வலித்திருக்கும். வாசலில் கார் நின்றது, கோயிலில் பாதிரி ஐயர் காத்திருந்தார். எஸ்தர் உள்ளே அலங்காரத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அத்தையின் வீட்டுக்காரர் என் முன்னால் வந்து, சபை நடுவில் கையெடுத்துக் கும்பிட்டு, "மச்சான், நீங்க தொட வேணாம். உக்காருங்க, போதும்" என்றார். என்னைவிட வயதில் மூத்த மனுஷன். மாப்பிள்ளை வீட்டார் தட்டை வாங்கி, யாரிடமும் காட்டாமல் நேரே கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். கல்யாணம் நடந்தது. நான் சாப்பிடாமல் கிளம்பினேன். பஸ்ஸில் உங்கம்மாவிடம் நான் சொன்னதை எழுதக் கூசுகிறது, ஆனால் எழுதுகிறேன்: "பாத்தியா, வாத்தியாராலயே பதில் சொல்ல முடியல." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் அடிக்கிறது போல என்று நினைத்தேன்.

நான் கடையில் எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியும். பெருமுக்கல் பக்கம் ஊர் ஊராக சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு மல்லாட்டை வாங்கப் போன காலத்திலிருந்து, சரக்கு கொண்டுவந்தவனோடு ஒரு நாளும் நான் வாக்குவாதம் பண்ணினதில்லை. கையில் அள்ளுவேன், குலுக்குவேன், நாலு உடைத்துப் பார்ப்பேன், விலை சொல்வேன். அவன் கத்தினால் டீ சொல்வேன். 'உன் சரக்கு மட்டம்' என்று ஒருவனை நாலு பேர் முன்னால் நிரூபித்துவிட்டால், அடுத்த போகத்துக்கு அவன் வண்டி என் கடை வழியாகத் திரும்பாது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் இந்தக் கடையை உண்டாக்கினேன். இவ்வளவு தெரிந்தவன் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டினால் மட்டும் ஏன் அப்படி ஆனேன்? வாரம் பூராவும் அடக்கி வைத்ததை எல்லாம் கர்த்தரின் பெயரைச் சொல்லி அவிழ்த்துவிட ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். கடையில் நஷ்டம் எனக்கு வரும், அதனால் வாயை மூடினேன். வேதம் பேசுகிற இடத்தில் நஷ்டம் அடுத்தவருக்கு, அதனால் திறந்தேன்.

சம்பந்தி போன மறுநாள் கெடாருக்குப் போனேன். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அத்தை நம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை, நானும் போகவில்லை. அவள் கொல்லைமேட்டில் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா, வேதத்தத் தூக்கிக்கினு வந்திருக்கியா, வெறுங்கையோட வந்திருக்கியா?"

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செடியைக் கையில் எடுத்தேன். "இல்லம்மா, அன்னிக்கு நான் சொன்னது இன்னான்னா..."

"பாத்தியா, ஆரம்பிச்சிட்ட."

வாயை மூடினேன். கையில் இருந்த செடியை ஆய்ந்து முடித்தேன். அப்புறம் உன் கல்யாணத்துக்கு வரவேண்டும் என்று சொன்னேன். நீ தாலி வேண்டாம் என்று நிற்பதையும் சொன்னேன். அவள், "நான் வர்றது அப்பறம். நீ திருவெண்ணெய்நல்லூர் போயி எம்மவ வூட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டு வா. அவ எப்படி இருக்கான்னு உன் கண்ணால பாரு. பாத்துட்டு வந்து கூப்புடு" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கு பயமாகிவிட்டது.

விழுப்புரம் வந்து, பஸ் மாறி, கரும்புக்கொல்லைகளைத் தாண்டி அந்த வீட்டுக்குப் போனபோது எஸ்தரின் மாமியார் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். "வாங்க, தாய்மாமனா? எங்க வூட்டுக்கு எல்லாம் வரலாமா நீங்க? எங்க வூட்டுத் தண்ணி எந்த அதிகாரத்துல இருக்குதுன்னு பாத்துட்டுக் குடிங்க" என்றாள். எஸ்தர் ஓடி வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். சிரித்துக்கொண்டே செம்பைக் கொடுத்தாள்.

மாமியார் விடவில்லை. எஸ்தர் அங்கே வந்த நாளிலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். மகன் பைக்கிலிருந்து விழுந்தது. கரும்புக்கொல்லையில் மோட்டார் எரிந்துபோனது. கடைசியாக, எஸ்தரை வைத்துக்கொண்டே, "இன்னும் வயித்துல ஒண்ணும் தங்கல. எப்படித் தங்கும்? தாய்மாமன் கை படாத தாலிதானே கழுத்துல தொங்குது" என்றாள்.

"அத்த, மாமா மேல தப்பு இல்ல. அவங்க சபையில அப்படி. மாமா வேதம் தெரிஞ்சவரு. மனசுல ஒண்ணும் வெச்சிக்கினு செய்யல" என்றாள் எஸ்தர்.

"வருசம் பூரா இதையேதான் சொல்லிக்கினு கெடக்கறா" என்றாள் மாமியார்.

தம்பி, வருஷம் பூராவும் அந்தப் பிள்ளை எனக்காகப் பேசியிருக்கிறது. நான் பஸ்ஸில் வெற்றி கொண்டாடின அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அடுப்படியில் நின்று எனக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறது. இதில் இன்னும் கேவலம் என்ன தெரியுமா? அப்போதும் எனக்கு நாக்கு அரித்தது. கை படாததால் பிள்ளை தங்கவில்லை என்பது மூடநம்பிக்கை, கர்த்தரை நம்புகிறவர்கள் இப்படிப் பேசலாமா என்று கேட்க வசனம் தயாராக வந்துவிட்டது. என் பக்கம் முழு நியாயம் இருந்தது. "இதப் பாருங்கம்மா" என்று ஆரம்பித்தேன். எஸ்தர் மாமியாருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேணாம் மாமா என்று. அந்தப் பார்வையை நீ பார்த்திருக்கவேண்டும். நான் போன பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அவள். நான் ஜெயித்தால் அடி அவளுக்கு.

தண்ணீரைக் குடித்தேன். பிறகு, "எஸ்தரு, அதை வெளிய எடும்மா. நான் தொட்டுக் குடுக்குறேன்" என்றேன்.

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. புடவைக்குள்ளிருந்து கயிற்றை எடுத்து, தாலியைத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். மல்லாட்டைச் செடியின் மண் என் நகத்தில் இன்னும் இருந்தது. இரண்டு விரலால் தொட்டேன். மாமியார் முறத்தை வைத்துவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். ஜெபம் பண்ணவேண்டும். மண்டபத்தில் அவ்வளவு நேரம் பேசினவனுக்கு அங்கே ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. "ஆண்டவரே, என்ன மன்னியும். இந்தப் புள்ளைய ஆசீர்வதியும்" என்று மட்டும் சொன்னேன். மாமியார் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டுத்தான் போவணும். குழம்புல உப்பு கம்மியா இருந்தா அதிகாரம் எதுவும் கேக்காதீங்க" என்றாள். சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

தாலி சரியா தப்பா என்று நான் இந்தக் கடிதத்தில் சொல்லப்போவதில்லை. என் கருத்து பழைய கருத்துதான், அதை மறைக்கவில்லை. ஆனால் கருத்து சரியாக இருப்பதால் மட்டும் நான் செய்தது சரியாகிவிடாது. நம் சபையில் திராட்சரசம் ஒரே பாத்திரத்திலா, சின்னச் சின்ன கப்பிலா என்று இரண்டு கட்சி ஆகி, என்னோடு கூட ஞானஸ்நானம் எடுத்தவன் இன்றைக்குத் தெருவில் பார்த்தால் முகம் திருப்புகிறான். அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது எந்தக் கட்சியிலிருந்தும் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் போகவில்லை. பவுல், தன் பிள்ளையைப் போல வைத்திருந்த இளைஞனுக்கு, இப்படிப்பட்ட வாய்ச்சண்டையை விட்டு விலகு என்று எழுதியிருக்கிறார். என் வேதாகமத்தில் சிவப்புப் பென்சில் படாத பக்கம் குறைவு. நேற்று எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் கோடு இல்லை.

பேசவே கூடாது என்று சொல்லவில்லை. ஒருத்தரை ஒருத்தர் அடிக்கும்போது பேசு. சாதி சொல்லி ஒருவனைக் கோயில் பின்வரிசையில் உட்காரவைத்தால் எழுந்து நின்று பேசு, தொண்டை கிழியப் பேசு, நான் உன் பக்கத்தில் நிற்கிறேன். யாராவது உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டால் உட்கார்ந்து பொறுமையாகச் சொல். ஆனால் பேச ஆரம்பிக்கும் முன், இந்தப் பேச்சு முடிந்ததும் யார் வீட்டில் யார் சாப்பிடாமல் படுப்பார்கள் என்று ஒரு தரம் யோசி. எனக்கு அந்த யோசனை வர ஒரு வருஷமும் இரண்டு பஸ்ஸும் ஆயிற்று. இன்னொன்று. உன் மாமனாரிடம் இவ்வளவு கேட்டாயே, ரெபேக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டாயா, உனக்கு என்ன விருப்பம் என்று? கேட்டிருக்க மாட்டாய். கேட்கிற பழக்கத்தை நான் உனக்குக் காட்டவே இல்லை.

நேற்றுதான் நானே முதல் தடவை கேட்டேன். சபைக்கு வந்த புதிதில் உங்கம்மாவைத் தாலியைக் கழற்றச் சொன்னேன். சபைக் கட்டடத்துக்குக் கொடுத்தோம். கொடுத்தோம் என்று எழுதுகிறேன், கொடுத்தது நான். அவள் அப்போது ஒன்றும் பேசவில்லை, சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நேற்று கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தவளிடம், "அன்னிக்கு உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். கிண்டுவதை நிறுத்தவில்லை. "மறுநாளு மார்க்கெட்டுல பூக்காரம்மா எனக்கு வழக்கமா குடுக்கற பூவ எடுத்துட்டு, என் கழுத்தப் பாத்துட்டு, கூடைக்குள்ளயே திரும்ப வெச்சிட்டாங்க. உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்" என்றாள். இத்தனை வருஷம் அந்தத் தெரு வழியாக அவள் போவதில்லை என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

நீ சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு விழுப்புரம் போ. வேதத்தைப் பையிலேயே வை. ரெபேக்காவிடம் கேள். அவளுக்குத் தாலி வேண்டும் என்றால் அப்படி, வேண்டாம் என்றால் அப்படி, இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கள். ஒரு மனதாய்ச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கட்டும். அத்தையைத் திரும்பப் போய்க் கூப்பிட்டேன். வருகிறாளாம். தட்டு இருந்தால் அவள் ஏந்தி வருவாள், நான் முதலில் தொடுவேன். தட்டு இல்லாவிட்டாலும் வருவாள். கல்யாணத்தன்றைக்கு என்னை யார் என்ன கேட்டாலும் நான் பந்தியில் சாம்பார் வாளியோடு இருப்பேன், பதில் சொல்ல நேரமிருக்காது.

இதை முடித்து மடிக்கிற நேரத்தில் உங்கம்மா வந்து பக்கத்தில் நின்றாள். யாருக்கு என்று கேட்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, "பையன் கல்யாணத்துக்கு மட்டும் ஒரு முழம் பூ வெச்சிக்கட்டுமா?" என்றாள்.

கூந்தல் அலங்காரத்தைப் பற்றிய வசனம் என் நாக்கு நுனிக்கு வந்தது தம்பி, பொய் சொல்ல மாட்டேன். விழுங்கிவிட்டேன். இத்தனை வயதில், இதைக்கூட என்னிடம் கேட்டு நிற்கிற இடத்தில் அவளை வைத்திருந்தேன். கூரியர் கடைக்கு மார்க்கெட் தெரு வழியாகத்தான் போகவேண்டும். அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன். அந்தப் பூக்காரம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாளாம்.

அப்பா